தேர்ந்து கொல்லும் மருந்து: தானிய வயல் களைக்கொல்லியின் வரலாறு

கோதுமை, பார்லி, ஓட்ஸ் ஆகிய தானியப் பயிர்கள் புல் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றிடையே முளைக்கும் களைகளைப் புல் வகை, கோரை வகை, அகன்ற இலை வகை என மூன்றாகப் பிரிப்பது வேளாண் அறிவியலின் வழக்கம். இவற்றுள் அகன்ற இலைக் களைகள் பெரும்பாலும் இருவித்திலைத் தாவரங்கள். நெருக்கமாக விதைக்கப்பட்ட தானிய வயலில் கையாலோ களைக்கொத்தாலோ களையெடுப்பது ஆள்பலத்தை விழுங்கும் வேலையாதலால், பயிரை விட்டுக் களையை மட்டும் அழிக்கும் மருந்து உண்டா என்னும் தேடல் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வலுப்பெற்றது.

முதல் விடை பிரான்சின் திராட்சைத் தோட்டங்களிலிருந்து கிடைத்தது. திராட்சைக் கொடியின் பூஞ்சை நோய்க்குத் தெளிக்கப்பட்ட, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை பட்ட இடத்தில் காட்டுக்கடுகு என்னும் அகன்ற இலைக் களையின் இலைகள் கருகியதைக் கண்ட பொன்னே என்பவர், 1890களின் பிற்பாதியில் மயில்துத்தக் கரைசலைத் தானிய வயலிலேயே தெளித்துப் பார்த்தார். ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் போலி என்னும் ஆய்வாளரும் இத்தகைய சோதனைகளில் ஈடுபட்டார். கோதுமையின் இலை குறுகி, நிமிர்ந்து, மெழுகு பூசியதுபோல் இருப்பதால் கரைசல் துளிகள் உருண்டோடிவிடும். அதன் வளர்முனையும் இலையுறைகளுக்குள் தாழ மறைந்திருக்கும். காட்டுக்கடுகிலோ இலை விரிந்து துளியைத் தாங்கிக்கொள்வதுடன் குருத்தும் உச்சியில் திறந்தே இருக்கும். ஆகவே பயிர் தப்பியதற்கு மருந்தின் குணத்தைவிடச் செடியின் வடிவமே காரணமாயிற்று. இதே வழியில் பின்னர் பயன்பட்ட நீர்த்த கந்தக அமிலம் தெளிப்பான்களை அரித்தது. 1932இல் பிரான்சில் காப்புரிமை பெற்ற டி.என்.ஓ.சி. என்னும் மஞ்சள் நிறச் சேர்மம் தெளிப்பவரின் உயிருக்கே ஆபத்தாக முடிந்தது. பிரிட்டனில் 1952இல் வேளாண் நச்சுப்பொருள் சட்டம் பிறந்ததற்கு இம்மருந்தால் நேர்ந்த தொழிலாளர் மரணங்களும் காரணமாயின.

அடுத்த பெரும் மாற்றம் களையைப் பற்றிச் சிந்திக்காதவர்களின் ஆய்விலிருந்து வந்தது. புல் நாற்றுகளின் முனையில் ஒளிபட்டால் அதற்குக் கீழுள்ள பகுதி வளைவதை 1880இல் சார்லஸ் டார்வின் பதிவு செய்திருந்தார். 1920களின் பிற்பாதியில் நெதர்லாந்தின் உட்ரெக்டில் ஃபிரிட்ஸ் வென்ட், ஓட்ஸ் முளையின் நுனியைக் கிள்ளிச் சிறிய அகார் கட்டியின்மேல் வைத்து, நுனியிலிருந்து பொருள் ஊறிய அக்கட்டியை நுனியற்ற முளையின் ஒரு பக்கமாக வைத்தபோது முளை எதிர்ப்பக்கமாக வளைந்தது. வளர்ச்சியைத் தூண்டும் இப்பொருளே ஆக்சின் என்னும் தாவர இயக்குநீர். அதன் செயற்கை உறவுச் சேர்மங்களைப் பரிசோதித்த டெம்பிள்மன், 1940இல் இங்கிலாந்தின் ஜீலட்ஸ் ஹில் ஆய்வு நிலையத்தில், அவற்றுள் ஒன்று ஓட்ஸுக்குப் பெரிய தீங்கின்றிக் காட்டுக்கடுகைக் கொல்வதைக் கண்டார். ஓட்ஸ் முளையில் அறியப்பட்ட இயக்குநீரின் போலி, ஓட்ஸ் வயலுக்கே காவலாயிற்று.

இதன் தொடர்ச்சியாக ஜீலட்ஸ் ஹில்லில் எம்.சி.பி.ஏ. என்னும் களைக்கொல்லி உருவாயிற்று; இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்திலும் அமெரிக்காவிலும் 2,4-டி என்னும் சேர்மத்தின் களைகொல்லும் ஆற்றல் தனித்தனியே புலப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலமாதலால், பகைவரின் பயிரை அழிக்கப் பயன்படுமோ என்ற எண்ணத்தில் இவ்வாய்வுகள் மறைத்து வைக்கப்பட்டு, பிரிட்டனில் 1945இல்தான் வெளியாயின. அமெரிக்காவில் அதே ஆண்டிலும் பிரிட்டனில் அடுத்த ஆண்டிலும் மருந்துகள் விற்பனைக்கு வந்தன. இவை இலையைக் கருக்குவதில்லை. உள்ளே ஊடுருவி வளர்ச்சியின் ஒழுங்கைக் குலைக்கின்றன. தெளித்த சில மணி நேரத்தில் களையின் தண்டு முறுக்கிக்கொள்ளும், இலை சுருளும். பின்னர் தண்டு வீங்கி வெடிக்கும். இரண்டு மூன்று வாரங்களில் செடி மடியும். தானியப் பயிரோ உள்ளே புகுந்த மருந்தை விரைவில் செயலிழக்கச் செய்துவிடும். எனினும் அதற்கும் வரம்புண்டு: தூர் கட்டி முடிவதற்கு முன்போ, தண்டு கணு விட்ட பின்போ தெளித்தால் கதிர் உருக்குலையும், காற்றில் மிதந்து செல்லும் துளி பக்கத்து வயலின் பருத்தியையும் தக்காளியையும் கெடுக்கும்.

எளிய வெற்றியின் விலை விரைவிலேயே தெரிந்தது. 1957இல் கனடாவின் ஒன்டாரியோவில் காட்டுக் கேரட்டும், ஹவாய்க் கரும்புத் தோட்டங்களில் கானாவாழை இனம் ஒன்றும் 2,4-டிக்கு அடங்காமல் நின்றன. அகன்ற இலைக் களைகள் ஒழிந்த தானிய வயல்களில் காட்டு ஓட்ஸ் போன்ற புல் வகைக் களைகள் பெருகின. எக்டேருக்குக் கிலோக்கணக்கில் அல்லாது கிராம் கணக்கில் தெளித்தாலே போதுமான குளோர்சல்ஃபியூரான் 1982இல் அமெரிக்கக் கோதுமை வயல்களுக்கு வந்தபோது சிக்கல் தீர்ந்ததாகவே கருதப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில், 1987இல், ஐடஹோ மாநிலத்தில் அதற்கு அசையாத முள் லெட்யூஸ் களை கண்டறியப்பட்டது. தாவர நொதி ஒன்றை மட்டும் தாக்கும் மருந்தை ஆண்டுதோறும் ஒரே வயலில் தெளித்ததால், இயல்பிலேயே தாக்குப்பிடிக்கும் சில செடிகள் மட்டும் பிழைத்து விதை பரப்பியதே இதன் காரணம்.

தேர்ந்து கொல்லும் மருந்து எதுவும், எது எஞ்ச வேண்டும் என்பதையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறது. பயிர்ச் சுழற்சி, உழவு, தூய விதை ஆகியவற்றுக்குத் துணையாக நின்றவரை களைக்கொல்லி தானிய உழவருக்குப் பயன்பட்டது. அவற்றுக்கு மாற்றாக வைக்கப்பட்ட இடங்களிலெல்லாம் அது தன் ஆற்றலைத் தானே இழந்தது.