ஊர் விளையாட்டுக்கான அரசு நிதி (கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலை)

ஊர் அணிகளுக்கும் பொது ஆடுகளங்களுக்கும் அரசு செலவிடும் பணம் பெரும்பாலும் மன்றங்களின் கைக்கு நேராக வருவதில்லை. ஊராட்சி வழியே பொருளாகவோ கட்டுமானமாகவோதான் வருகிறது. பொங்கல் போட்டிக்கான பரிசுத்தொகையும் பந்தல் செலவும் இன்றும் ஊர் வசூல்தான்.

விழுப்புரத்திலிருந்து 2019 நவம்பரில் பிரிந்த மாவட்டம் கள்ளக்குறிச்சி. 1992இல் அமைந்த தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்ட அளவிலான பணிகளைக் கவனிக்கிறது. 2006இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் விளையாட்டுத் திடல் இடம்பெற்றது. 2024 பிப்ரவரியில் மதுரையில் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டம் மட்டை, பந்து, சிலம்பம் முதலான 33 வகைப் பொருள்களை ஊராட்சிகளுக்கு வழங்கியது. பந்து தேய்ந்தால் அடுத்தது எந்தக் கணக்கில் என்பதே உள்ளூரின் கேள்வி.

மாவட்டத்தில், வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன் மலைப்பகுதியில் சிக்கல் பணத்தைவிட நிலத்தில் இருக்கிறது. மலை நிலம் பரம்பரை ஜாகிர்தார்களின் கையில் இருந்த ஜாகிர் முறை 1976இல் ஒழிந்தபின், குடியிருப்புகளைச் சுற்றிய நிலத்தில் பெரும்பகுதி வனத்துறையிடம் உள்ளது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், கிராம சபைப் பரிந்துரையோடு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை 13 பொது வசதிகளுக்கு விட இடமளிக்கிறது. பள்ளி, ரேஷன் கடை, சமுதாயக் கூடம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. விளையாட்டுத் திடல் இல்லை. இது பெரிய விடுபடல்தான். சரிவான நிலத்தில் கிரிக்கெட் திடல் வெட்டுவது செலவு. ஆனால் 18க்கு 9 மீட்டர் கைப்பந்துக் களத்துக்கும் 13க்கு 10 மீட்டர் கபடிக் களத்துக்கும் பள்ளி வளாகமே போதும். பள்ளி நேரத்துக்குப் பின் அதன் கதவைத் திறந்துவிடும் ஏற்பாடு இங்கே புதுத் திடலைவிட மலிவானது.