உள்ள வந்து உட்காருங்க

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில், உத்தனப்பள்ளி பக்கம் வந்தால் ‘டூ லெட்’ பலகைகளை எண்ணிக்கொண்டே போகலாம். சிங்கிள் ரூம், ஒன் பிஹெச்கே, டூ பிஹெச்கே. இதில் நடுவில் நிற்கும் ‘ஹெச்’ சுவாரசியமான எழுத்து. இங்கிலாந்தில் இன்று ஹால் என்றால் பெரும்பாலும் வாசலைத் திறந்ததும் வரும் நடை, குடையும் செருப்பும் கிடக்கும் இடம். ஆனால் இடைக்காலத்தில் அங்கே ஹால்தான் வீடு. நடுவில் நெருப்பு எரியும். எஜமானரும் வேலைக்காரர்களும் ஒரே கூரையின் கீழ் சாப்பிட்டார்கள், பலர் அங்கேயே தூங்கினார்கள். அந்தப் பழைய அர்த்தம் அங்கே தேய்ந்துபோய், நம்ம ஊர் டூ லெட் பலகையில் உயிரோடு இருக்கிறது. ஒன் பிஹெச்கேயில் நாலு பேர் தங்கினால் இரண்டு பேர் ஹாலில்தானே படுக்க வேண்டும்?

இந்த ஹாலை ‘காம் அண்ட் கோஸி’யாக மாற்றுவது எப்படி என்று சொல்லித்தர இன்ஸ்டாகிராமில் ஏகப்பட்ட ரீல்ஸ். வெளிர் நிற சோபா, மஞ்சள் வெளிச்சம், மூலையில் மணி பிளான்ட். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் படங்களில் மனிதர்களே இல்லாததுதான் உறுத்துகிறது. ஹாலின் வரலாறு அதில் என்ன போட்டார்கள் என்பதைவிட, அதில் யாரை உட்காரச் சொன்னார்கள் என்பதைப் பற்றியது.

சோபாவையே எடுத்துக்கொள்வோம். அது அரபியில் ‘சுஃப்ஃபா’ என்ற சொல்லிலிருந்து துருக்கி வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. உட்காரவும் படுக்கவும் உயர்த்திக் கட்டிய மேடை. மதீனாவில் நபிகளின் பள்ளிவாசலை ஒட்டி இருந்த சுஃப்ஃபாவில் வீடற்ற தோழர்கள் தங்கினார்கள், அந்த இடத்தின் பெயராலேயே அறியப்பட்டார்கள். அதாவது சோபா என்பது திண்ணை. ஓசூர் ஃபர்னிச்சர் கடையில் ‘திவான் காட்’ என்று விற்கிறார்களே, அந்தத் திவானும் இன்னொரு பயணி. பாரசீகத்தில் முதலில் கணக்கேடு, பிறகு கணக்குப் பார்க்கும் அலுவலகம், பிறகு அரசவை, அவையில் சுவரோரம் போட்ட நீள இருக்கை, கடைசியில் நம் வீட்டு ஜன்னலோரம். இந்தப் பகுதியை ஒருகாலத்தில் ஆண்ட மைசூரின் பூர்ணய்யாவுக்கும் பட்டம் திவான்தான். கட்டிலுக்கு அப்படி ஒரு பரம்பரை.

நமக்குச் சொந்தமான திண்ணை வெளியே இருந்தது. உத்தனப்பள்ளியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடையில் புழங்கும். தெலுங்குக்காரர் அருகு என்பார், தின்னெ என்றும் சொல்வார். கன்னடத்தில் ஜகலி. பெயர் எதுவானாலும் வேலை ஒன்று. வழிப்போக்கன் இரவு படுக்க, பிள்ளைகள் மணலில் எழுதிப் படிக்க, ஊர்க் கணக்கு பார்க்க. கிராம முன்சீப்பும் கர்ணமும் பரம்பரை வேலைக்காரர்களாக இருந்த காலத்தில் அவர்கள் வீட்டுத் திண்ணைதான் கிட்டத்தட்ட அரசு அலுவலகம். ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் ராஜாஜி 1878இல் பிறந்தார், அவருடைய அப்பா அந்த ஊர் முன்சீப். அந்த வீடு இன்று நினைவில்லம். அந்த வேலைகளை எம்ஜிஆர் அரசு 1980 நவம்பரில் ஒழித்தபோது அதிகாரம் திண்ணையிலிருந்து இறங்கி மேசை நாற்காலிக்குப் போனது.

இங்கே திண்ணைக்காக உருகுகிறவர்களோடு எனக்குக் கொஞ்சம் சண்டை உண்டு. “அந்தக் காலத்துல யார் வந்தாலும் திண்ணையில படுத்துக்கலாம்” என்பார்கள். யார் வந்தாலும் இல்லை. எந்தச் சாதிக்காரர் திண்ணையில் உட்காரலாம், யார் படியோடு நிற்க வேண்டும், யார் தெருவுக்குள்ளேயே வரக் கூடாது என்பது ஊருக்கெல்லாம் மனப்பாடம். திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை என்று வீடு உள்ளே போகப்போக ஒவ்வொரு வாசற்படியும் ஒரு சல்லடை. கூடத்துக்குள் பெண்கள் எப்போது வரலாம், விருந்தாளி ஆணாக இருந்தால் எந்தக் கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்பதும் அந்தச் சல்லடையில் சேர்த்தி. அந்த வீட்டின் அமைதி சிலர் வாயைத் திறக்காமல் இருந்ததால் கிடைத்தது.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு கதை உண்டு, நம் பக்கத்து ஆற்றோரத்துக் கதை. ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் தொட்டு ஓடும் தென்பெண்ணை கீழே போய்த் திருக்கோவிலூரைச் சேர்கிறது. அங்கே ஒரு மழை இரவில் பொய்கையாழ்வார் ஒரு வீட்டு இடைகழியில் ஒதுங்கினார். இடைகழி என்பதுதான் பேச்சில் தேய்ந்து ரேழி ஆனது. பூதத்தாழ்வார் வந்து கதவைத் தட்ட, ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம் என்று இடம் கொடுத்தார்கள். பேயாழ்வார் வர, மூவரும் எழுந்து நின்றார்கள். நாலாவதாக யாரோ இருட்டில் நெருக்க, அது பெருமாள் என்று கண்டுகொண்டார்கள் என்கிறது வைணவ மரபு. பக்தியை ஒருபக்கம் வைத்துவிட்டுப் படித்தாலும் எனக்கு இந்தக் கதை பிடிக்கும். தமிழில் ஒரு அறையின் அளவை அடிக்கணக்கில் சொல்லாமல் ஆள்கணக்கில் சொன்ன இடம் இது.

‘கோஸி’க்குத் தமிழில் சொல் தேடினால் இன்னொரு சிக்கல் வரும். அது குளிர்நாட்டுச் சொல். வெளியே பனி, உள்ளே அடுப்பு, போர்வை. நமக்கு மனம் நிறைந்தால் ‘குளிர்ந்துபோச்சு’. வீடு நன்றாக இருந்தால் ‘சில்லுன்னு இருக்கு’. சுகம் என்றால் வெயிலிலிருந்து தப்பிப்பது. ஓசூர் மட்டும் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஊர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், மார்கழி ராத்திரியில் பல் ஆடும். வெள்ளைக்காரர்களுக்கு இதுவே ஆசை காட்டியது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சேலம் கலெக்டராக இருந்த பிரெட், இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டைச் சாயலில் ஓசூரில் ஒரு மாளிகை கட்டினார். மனைவிக்காகக் கட்டினார் என்பது ஊர்க்கதை. ராகி விளையும் மண்ணில் ஒரு இங்கிலீஷ் ஹால். அது நிலைக்கவில்லை.

நிலைத்தது கல். கிருஷ்ணகிரி மாவட்டம் முழுக்கக் கருங்கல். மல்லச்சந்திரம் குன்றுமேல் பெருங்கற்கால மனிதர்கள் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாக வைத்துக் கற்திட்டைகள் கட்டினார்கள். இறந்தவர்களுக்கான அறைகள் அவை. அதே முறையில் உயிரோடு இருப்பவர்களுக்கும் இங்கே வீடு எழும்பியது: கல்பலகைச் சுவர், கல்பலகைக் கூரை, மேலே மண். ஜன்னல் சின்னது. அந்த வீட்டில் ஹால் என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஒரே அறை காலையில் அடுக்களை, மதியம் களஞ்சியம், ராத்திரி படுக்கை. பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினால் கூடம், விரித்தால் படுக்கையறை. இன்றைய ‘மினிமலிஸ்ட்’ ரீல்ஸ்காரர்கள் பார்த்தால் பொறாமைப்படுவார்கள். அங்கே வாழ்ந்தவர்களுக்கு அது பற்றாக்குறை.

அப்புறம் தொழிற்சாலைகள் வந்தன. ஓசூரில் சிப்காட், 1980இல் டிவிஎஸ் 50, அசோக் லேலண்ட், அந்தப் பத்தாண்டிலேயே டைட்டன். மாதச் சம்பளம் வந்த வீடுகளில் ஹால் பிறந்தது. மூன்று பேர் சோபா, எதிரில் கண்ணாடி ஷோகேஸ், அதில் யாரும் குடிக்காத பீங்கான் கப்புகள். பிறகு டிவி. 2006இல் திமுக அரசு இலவசக் கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தபின் ஓட்டு வீட்டிலும் ஒரு சுவர் ‘டிவி சுவர்’ ஆனது. அதுவரை எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஒரே பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். பல வீடுகளில் ‘உள்ள வந்து உட்காருங்க’ என்ற அழைப்பை முதலில் வாங்கிக் கொடுத்தது டிவிதான் என்பதையும் சொல்ல வேண்டும். அழைப்பு கிடைத்தும் தரையில் உட்கார வைக்கப்பட்டவர்கள் உண்டு.

ஹால் தமிழ்நாட்டில் வேறு வேலைகளையும் சுமக்கிறது. பெண் பார்க்க வருகிறவர்கள் உட்காருவது அங்கே. குழந்தைக்குத் தூளி கட்டுவது அங்கே. கடைசியில் ஃப்ரீசர் பாக்ஸ் வைப்பதும் அங்கேதான். அதனால்தான் அனுபவமுள்ள மேஸ்திரி ஹால் கூரைக்குக் கம்பி கட்டும்போது ஃபேன் கொக்கியோடு இன்னொரு கொக்கியும் விடச் சொல்வார். வாசலின் அகலத்தையும் ஒருமுறை கையால் அளந்து பார்ப்பார். ஏன் என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார். ஹாலை அழகாக்க என்னிடம் யோசனை கேட்டால் நான் சொல்வது கொஞ்சம்தான். டியூப்லைட்டை அணைத்துவிட்டுத் தாழ்வாக ஒரு விளக்கு போடுங்கள், நாற்காலிகள் ஒன்றையொன்று பார்க்கட்டும், நடுவில் பாய் விரிக்கிற அளவு தரை காலியாக இருக்கட்டும். பாக்கியை வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அரசாங்கமும் ஹாலை அளந்துகொண்டுதான் இருக்கிறது. 2011இல் வந்த பசுமை வீடு திட்டத்தில் மொத்த வீடே 300 சதுர அடி. அதற்குள் வராந்தா, ஹால், படுக்கையறை, சமையலறை, கழிப்பறை. 2024இல் கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி, அதில் 300 காங்கிரீட் கூரை. குடிசையிலிருந்து வந்தவர்களுக்கு இந்தச் சின்ன ஹால் எவ்வளவு பெரியது என்பது அளவுநாடாவில் தெரியாது. வீட்டுக்கு வந்த வாத்தியாரையோ வங்கிக்காரரையோ உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட முடிகிறது.

ஹாலே இல்லாத தலைமுறை ஒன்று இப்போது சேர்ந்துகொண்டிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த பெண் தொழிலாளர் குடியிருப்பில் 18,720 பேர் தங்கலாம். பாதுகாப்பான கட்டில் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் ஊரிலிருந்து அம்மா வந்தால் ‘உள்ள வாம்மா’ என்று சொல்லி உட்கார வைக்க, ஹாஸ்டல்வாசியிடம் தன்னுடையது என்று ஒரு நாற்காலி இருக்குமா? உத்தனப்பள்ளி சுற்றுவட்டாரத்திலும் எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளுக்கு வந்தவர்களை நம்பி சிங்கிள் ரூம்கள் வரிசையாக எழும்புகின்றன. கட்டில்தான் சோபா. வீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது “எத்தன பேரு? விருந்தாளி வருவாங்களா?”

அந்தப் புதுக் கட்டிடங்களில் திண்ணை இருந்திருக்க வேண்டிய இடத்தில் வண்டி ஏற்றும் சிமெண்ட் சரிவு இருக்கிறது. சாயங்காலம் கரண்ட் போனால் எல்லோரும் அறையிலிருந்து இறங்கி வருகிறார்கள். ஒடியா பேசும் பையன்கள் மாடிப்படியில், தருமபுரிப் பெண்கள் சரிவில் காலை நீட்டி, வீட்டுக்காரம்மா பிளாஸ்டிக் நாற்காலியில். கொஞ்ச நேரத்தில் யாரோ போனில் பாட்டு வைக்கிறார்கள், அந்தம்மா நாற்காலியை ஒரு அடி பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொள்கிறார்.