கியரில் விட்டு இறங்கும் வழக்கம்

மேட்டில் காரை நிறுத்துகிறவர் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைத்து, கியரில் போட்டுவிட்டு இறங்குகிறார். கார் பிறந்த நாளிலிருந்தே இப்படித்தான் என்று தோன்றும். ஆனால் காரின் முதல் கால் நூற்றாண்டில் இதுவே உயிருக்கு உலை வைக்கும் செயல். அன்று எஞ்சினைக் கிளப்ப, வண்டிக்கு முன்னால் குனிந்து நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். வண்டி கியரில் இருந்தால் சுற்றியவர் மேலேயே பாயும். 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி-யில் ஹேண்ட்பிரேக் நெம்புகோலை முழுதாக இழுத்தால் பின்சக்கரங்களில் பிரேக் விழும். அதே இழுப்பில் வண்டி நியூட்ரலுக்கும் வந்துவிடும். அப்படியும் குளிர்காலத்தில் கெட்டித்துப்போன எண்ணெய் கிளட்ச் தட்டுகளை ஒட்டவைக்க, வண்டி மெல்ல முன்னே ஊரும். அதற்கு அஞ்சியே பலர் ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி வைத்துவிட்டுக் கைப்பிடியைத் தொட்டார்கள்.

சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் வந்தது. இருக்கையில் அமர்ந்து, கிளட்சை மிதித்தபடியே எஞ்சினைக் கிளப்ப முடிந்தது. கியரில் விட்டுப் போவதைத் தடுத்து நின்ற பெரிய ஆபத்து அத்துடன் விலகியது என்பதே என் முடிவு.

ஹேண்ட்பிரேக் ஒன்றே போதாதா என்று கேட்கலாம். அது பெரும்பாலும் ஒரு கேபிளின் இழுவையில் நிற்பது. கேபிள் நாளடைவில் தளரும், சூடான டிஸ்க் பிரேக் ஆறும்போது பிடி குறையலாம். கியரில் விட்டால் சிலிண்டருக்குள் அடைபட்ட காற்று தடுக்கிறது. சிறு கார் ஒன்றின் சக்கரம் முதல் கியரில் ஒரு சுற்றுச் சுற்ற, எஞ்சின் ஏறத்தாழ 12 முதல் 15 முறை சுழன்றாக வேண்டும்; அதனால் அந்தத் தடை சக்கரத்தில் பல மடங்காகிறது. அப்படியானால் கியர் மட்டும் போதுமே என்பதும் சரியல்ல. அந்தக் காற்று பிஸ்டன் வளையங்களின் இடுக்கில் கசியும்; வண்டி அங்குலம் அங்குலமாக நகரும். கியரில் இருப்பதை மறந்து ஸ்டார்ட் செய்தால் வண்டி துள்ளுமே என்ற அச்சம் நியாயமானது. அதற்கு மருந்து, சாவியைத் திருப்பும் முன் கிளட்சை மிதிப்பது, கியரைக் கைவிடுவதல்ல.

செங்குத்தான தெருக்கள் நிறைந்த சான் பிரான்சிஸ்கோ இவ்விரண்டோடும் நிற்கவில்லை. 3 சதவீதத்துக்கு மேல் சரிவுள்ள தெருவில் முன்சக்கரத்தை நடைபாதைக் கல்லில் முட்டுமாறு திருப்பி நிறுத்துவது அங்கே சட்டம். பிடி நழுவினாலும் கல் தாங்கும். தேரோட்டத்தில் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் நம்மவர்களுக்கு இந்த அறிவு புதிதல்ல: பாரம் பெரிதானால், இழுத்துப் பிடிக்கும் கயிற்றை மட்டும் நம்பலாகாது.

ஆகவே கால் பிரேக்கை மிதித்தபடி ஹேண்ட்பிரேக்கை இழுங்கள். காலைத் தளர்த்தி வண்டியின் பாரத்தை அதில் இறக்குங்கள். எஞ்சினை அணைத்து, மேடு நோக்கி நின்றால் முதல் கியரும் பள்ளம் நோக்கி நின்றால் ரிவர்ஸும் போடுங்கள். சரிவில் சக்கரத்தையும் திருப்பி வையுங்கள். கீழே தெருவில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்கலாம்.