பிள்ளைகளின் கேள்வியும் ஆலயத்தின் ஆசீர்வாதமும்



திருவருகைக் காலம் நெருங்கும்போதெல்லாம் நம் சபையில் ஒரு கேள்வி எழுவதுண்டு. பசுந்தழை வளையம் ஒன்றில் நான்கு மெழுகுவர்த்திகளை நாட்டி, ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றுகிறோமே, இது கத்தோலிக்கர் தங்கள் ஆலயங்களில் ஆசீர்வதித்து ஏற்றும் வளையம் அல்லவா, சீர்திருத்தச் சபையாராகிய நமக்கு இது எதற்கு என்பதே அக்கேள்வி. குறை கூறும் நோக்கமின்றி உண்மையான கவலையோடு கேட்பவர்கள் அவர்கள். எனவே விடையும் பொறுமையாகச் சொல்லப்பட வேண்டும்.

வளையத்தின் தெளிவான வரலாறு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் தொடங்குகிறது. அந்நகரில் 1808இல் பிறந்த யோகான் ஹின்ரிக் விகெர்ன் என்பவர் லுத்தரன் இறையியல் பயின்றவர். ஞாயிறு பள்ளி ஆசிரியராக ஏழைகளின் குடியிருப்புகளுக்குச் சென்றபோது, பராமரிப்பாரின்றித் தெருவில் வளர்ந்த பிள்ளைகளைக் கண்டார். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரப் பாடம் அவர்களுக்குப் போதாது என்று உணர்ந்து, 1833இல் நகருக்கு வெளியே ஹார்ன் என்னும் இடத்தில், 'ரௌஹெஸ் ஹௌஸ்' என்று அழைக்கப்பட்ட பழைய வீடொன்றில் அவர்களுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். சுற்றுமதிலோ பூட்டோ வைத்து அவர்களைக் காவல் காக்க அவர் விரும்பவில்லை. பன்னிருவர் அளவில் ஒரு குடும்பமாகப் பிள்ளைகளைப் பிரித்து, ஒவ்வொரு குடும்பத்திற்கும் மூத்த சகோதரர் ஒருவரைப் பொறுப்பாக வைத்தார்.

கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு இன்னும் எத்தனை நாள் என்று அந்தப் பிள்ளைகள் ஓயாமல் கேட்டார்கள் என்பது அவ்வில்லத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. சொன்ன வாக்கைப் பெரியவர்கள் காப்பாற்றிப் பார்த்திராத பிள்ளைகள் அப்படிக் கேட்பதில் ஒரு வேதனையும் உண்டு என்று நான் எண்ணுகிறேன். 1839ஆம் ஆண்டின் திருவருகைக் காலத்தில் விகெர்ன் அவர்களுக்குக் கண்கூடான விடை ஒன்றைத் தந்தார். பழைய வண்டிச் சக்கரம் ஒன்றை எடுத்து, அதில் 20 சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளையும் 4 பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளையும் பொருத்தினார். அவ்வாண்டு திருவருகையின் முதல் ஞாயிறு டிசம்பர் 1ஆம் தேதி வந்தது. ஆகவே கிறிஸ்துமஸ் முந்தின நாள் வரை சரியாக 24 நாட்கள்: வார நாளுக்குச் சிறியது, ஞாயிறுக்குப் பெரியது. மாலை ஜெபவேளையில் நாளுக்கு ஒன்று கூடுதலாக ஏற்றப்பட்டது. முதல் ஞாயிறு ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், இம்முறையில் மெழுகுவர்த்திகளின் தொகை 22 முதல் 28 வரை மாறும். அப்பிள்ளைகள் அதைப் பார்த்து எண்ணவும் கற்றிருப்பார்கள்!

இந்த வளையம் பழைய புறமதத்தாரின் சூரியச் சக்கரத்திலிருந்து வந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். படிக்கச் சுவையான கதைதான். ஆனால் விகெர்னின் சக்கரம் பிறந்தது பிள்ளைகளுக்காக. பிற்காலத்தில் அதில் ஊசியிலை மரத்தின் பசுங்கிளைகள் சுற்றப்பட்டன. வீட்டு மேசையில் 24 மெழுகுவர்த்திகளுக்கு இடமேது? ஞாயிறுகளுக்குரிய நான்கு மட்டுமே நிலைத்தன. இவ்வாறு சிறுத்த வளையம் ஜெர்மானியப் புரொட்டஸ்டண்ட் குடும்பங்களுக்குள் மெல்லப் பரவியது.

அக்காலத்து ஜெர்மனியில் இரு சபையாருக்கும் இடையே இருந்த சுவர் உயரமானது. பண்டிகை அலங்காரத்திலேயே வேற்றுமை தெரியும்; மரம் புரொட்டஸ்டண்டுகளின் அடையாளம், குடில் கத்தோலிக்கரின் அடையாளம். அந்தச் சுவரைத் தாண்டி 1925இல் கொலோன் நகரின் கத்தோலிக்க ஆலயம் ஒன்றிலும், 1930இல் மியூனிக் நகரிலும் வளையம் தொங்கவிடப்பட்டது. எந்த மாமன்றமும் அதற்காகக் கூடித் தீர்மானம் இயற்றவில்லை. பின்னர் ஜெர்மானியர் குடியேறிய வட அமெரிக்காவிலும் கத்தோலிக்கப் பங்குகளில் அது வேரூன்றியது.

ஆசீர்வாதச் சடங்கு இதற்கெல்லாம் பிறகே வருகிறது. மக்கள் முதலில் ஏற்றினார்கள். திருச்சபை பின்னர் ஆசீர்வதித்தது. தமிழ்க் கத்தோலிக்கரின் பழைய வழக்கில் பொருள்களை ஆசீர்வதிப்பதை 'மந்திரித்தல்' என்பார்கள். அச்சொல்லைக் கேட்டதும் நம்மவர் சிலர் முகம் சுளிப்பதையும் கண்டிருக்கிறேன். ஆனால் இச்சடங்கில் நடப்பது என்ன என்று பார்ப்பது நல்லது. 1614இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூலின் மரபில் பல ஆசீர்வாதங்கள் குருக்களுக்கும் ஆயர்களுக்கும் மட்டுமே உரியவையாக இருந்தன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, அத்தகைய ஒதுக்கீடுகள் மிகச் சிலவாக இருக்கட்டும் என்றும், தகுதியுள்ள பொதுநிலையினரும் சில ஆசீர்வாதங்களை நடத்த வழி செய்யப்படட்டும் என்றும் கூறியது. அதன்படி திருத்தப்பட்ட ஆசீர்வாத நூல் 1984இல் உரோமையில் வெளியாயிற்று. அமெரிக்க ஆயர்கள் தங்கள் நாட்டுக்கென 1989இல் வெளியிட்ட பதிப்பில் திருவருகை வளையத்தை ஆசீர்வதிக்கும் முறை ஒரு தனி அதிகாரமாக இடம்பெற்றது. ஹாம்பர்க் சக்கரத்திற்கும் இந்த அதிகாரத்திற்கும் இடையே 150 ஆண்டுகள்.

அந்த அதிகாரத்தின் அடக்கம் என்னைக் கவர்ந்தது. முதல் ஞாயிறன்று திருப்பலியில், மன்றாட்டுகளின் முடிவில் ஆசீர்வாத ஜெபம் சொல்லப்பட்டு முதல் மெழுகுவர்த்தி ஏற்றப்படுகிறது; முந்தின சனிக்கிழமை மாலையிலும் செய்யலாம். அடுத்த ஞாயிறுகளில் திருப்பலி தொடங்குமுன் அல்லது தொடக்க ஜெபத்திற்குச் சற்றுமுன் மெழுகுவர்த்தியை ஏற்றினால் போதும், கூடுதல் சடங்கு எதுவும் வேண்டாம் என்கிறது நூல். வளையம் சபையார் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்க வேண்டும். ஆனால் பலிபீடத்தையோ வாசக மேடையையோ மறைக்கக் கூடாது. மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கென்றே ஊர்வலமும் பாட்டும் உரையும் சேர்த்து அரைமணி நேரம் எடுத்துக்கொள்ளும் நம் சில ஆலயங்கள் இதைக் கவனிக்கலாம். அலங்காரம் வசனத்தை மறைத்தால் அது யாருடைய ஆலயத்திலும் தவறுதான்.

நிறங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. விகெர்னின் சிவப்பும் வெள்ளையும் கத்தோலிக்கரிடம் வழிபாட்டு உடையின் நிறங்களுக்கு இடம் கொடுத்தன: மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம். மூன்றாம் ஞாயிறன்று ரோஜா நிறம் ஏற்றப்படும். பிலிப்பியர் 4ஆம் அதிகாரத்தில் மகிழ்ந்திருக்கும்படி பவுல் தரும் அழைப்பை வைத்து அந்த ஞாயிறு பெயர் பெற்றது. நான்கும் ஊதாவாகவோ வெள்ளையாகவோ இருக்கவும் நூல் இடமளிக்கிறது. நம் சபையின் வளையத்தில் உள்ள ஊதாவும் ரோஜா நிறமும் அவர்களிடமிருந்தே வந்தவை. லுத்தரன் இல்லத்திலிருந்து போன வளையம் கத்தோலிக்க நிறம் பூசிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. இதில் யார் யாரிடம் கடன்பட்டவர்?

வத்திக்கான் 2001இல் வெளியிட்ட மக்கள் பக்தி பற்றிய வழிகாட்டி நூலும் இவ்வளையத்தை மதிப்போடு குறிப்பிடுகிறது. நீதியின் சூரியன் உதிக்கும்வரை தீர்க்கதரிசிகளின் ஒளி படிப்படியாக வளர்ந்த மீட்பின் வரலாற்றுக்கு அதை அடையாளமாகக் காண்கிறது. ஜெர்மானிய நாடுகளையும் வட அமெரிக்காவையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிட்டாலும், அங்கே முதலில் அதை ஏற்றியவர்கள் மதிலில்லாத ஒரு வீட்டின் ஏழைச் சிறுவர்கள்.

ஆகவே 'மந்திரித்தல்' என்னும் சொல் நம்மை அச்சுறுத்த வேண்டியதில்லை. அந்த ஜெபம் மெழுகுக்குள் எந்தச் சக்தியையும் அடைத்து வைப்பதில்லை. தேவனைத் துதித்து, அவர் குமாரனின் வருகைக்கு மக்களை ஆயத்தப்படுத்தும்படி அவரிடம் கேட்கிறது. கத்தோலிக்கரின் முறைப்படியே, வீட்டில் இதைச் செய்யக் குருவானவர் வரவேண்டும் என்பதில்லை. தகப்பனோ தாயோ ஜெபத்தை நடத்தலாம். நம் வீடுகளிலும் வரும் சனிக்கிழமை மாலை உணவுக்கு முன் குடும்பமாக அமர்ந்து, இருளில் நடந்த ஜனங்கள் கண்ட வெளிச்சத்தைப் பற்றி ஏசாயா 9ஆம் அதிகாரம் சொல்வதை வாசியுங்கள். சுருக்கமாக ஜெபியுங்கள். பிறகு வீட்டின் கடைசிப் பிள்ளையின் கையைப் பிடித்து முதல் மெழுகுவர்த்தியை ஏற்றச் செய்யுங்கள். இன்னும் எத்தனை நாள் என்று அந்தப் பிள்ளை கேட்டால், மீதமுள்ள மூன்றையும் காட்டி எண்ணச் சொல்லுங்கள்.