விசாரணை இல்லாத சிறை

லாச்சப்பலில் சாமான் வாங்கிக்கொண்டு, ஃபோபூர் சென் தெனி வீதியால் கார் து நோரைத் தாண்டி நடந்தால், 107ஆம் இலக்கத்தில் சென் லசார் இருந்த இடம் வரும். ஒருகாலத்தில் தொழுநோயாளர் இல்லம். 1632இல் புனித வின்சென்ட் தே போலிடம் வந்தது. பிரெஞ்சுப் புரட்சியில் சிறையானது. பிறகு பெண்கள் சிறை.

அங்கே ஒரு பகுதியில் நீதிமன்றம் அனுப்பிய பெண்கள். இன்னொரு பகுதியில் பாலியல் தொழிலாளர்கள். இவர்களுக்கு நீதிபதியும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. பொலிஸ் உத்தரவே தீர்ப்பு. பால்வினை நோய் கண்டால் சிறை வைத்தியப் பிரிவில் பூட்டினார்கள்.

ஜார் கால ரஷ்யாவும் 1843 முதல் இப்படித்தான். அடையாளப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு மஞ்சள் அட்டை கொடுத்தார்கள். தஸ்தயேவ்ஸ்கியின் சோனியாவிடம் இருப்பது அதுதான். 1864இல் அங்கே ஜூரி விசாரணை வந்தது. கொலைகாரனுக்கும் வழக்கறிஞர் கிடைத்தார். இந்தப் பெண்களோ பொலிஸின் கையிலேயே இருந்தார்கள். பிரித்தானிய இந்தியாவும் 1868இல் இதேபோன்ற சட்டம் கொண்டுவந்தது.

அதிகாரிகள் இதைத் தண்டனை என்று சொல்லவில்லை, சிகிச்சை என்றார்கள். நான் தாதி. பொலிஸ் பூட்டிய அறையை வாட்டு என்று என்னால் சொல்ல முடியாது.

அங்கே எஞ்சிய கட்டடத்தில் இப்போது நகர நூலகம் இருக்கிறது. ஒருநாள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.