சக்கரமிருந்தும் நகராத வீடுகள்

2012ஆம் ஆண்டின் பிற்பகுதியில், கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோ நகரில் புவேனா விஸ்ட்டா என்னும் குடியிருப்பில் வாழ்ந்த ஏறத்தாழ 400 பேர், தங்கள் குடியிருப்பு மூடப்படவிருப்பதை அறிந்தனர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு அருகில் அமைந்த நாலரை ஏக்கர் நிலம் அது. நிலவுரிமையாளர் அதை மனைவணிக நிறுவனமொன்றுக்கு விற்க முனைந்திருந்தார். குடியிருந்தோருள் பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்க வழிவந்த, குறைந்த வருவாயுடைய குடும்பத்தினர். வாடகைதாரர் என்ற சொல் அவர்களுக்கு முழுதும் பொருந்தாது. வீடு அவர்கள் காசு கொடுத்து வாங்கியது. அடிமனை மட்டுமே பிறருடையது.

அமெரிக்காவில் சுமார் 2 கோடிப் பேர் இவ்வகை வீடுகளில் வாழ்கின்றனர். இதன் தொடக்கம் எளிமையானது. 1930களில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சுற்றுலா வண்டியாக இருந்தது, இரண்டாம் உலகப்போரின்போது ஆயுதத் தொழிற்சாலைகளை நாடி வந்த தொழிலாளருக்கு உறைவிடமாயிற்று. 1954இல் விஸ்கான்சினைச் சேர்ந்த எல்மர் ஃப்ரே 10 அடி அகலத்தில் ஒன்றைச் செய்து விற்கத் தொடங்கினார். அதுவரை சாலை விதிகளுக்கு உட்பட்டு 8 அடிக்குள் அடங்கியிருந்த வண்டி, அந்த இரண்டடியில்தான் வீடாயிற்று எனலாம். இழுத்துச் செல்வது அருமையாகி, ஒரே இடத்தில் நிலைத்திருப்பதே அதன் இயல்பாயிற்று.

பெயர் மட்டும் மாறவில்லை. ‘நடமாடும் வீடு’ என்றே வழங்கிற்று. மனையில் இறக்கியவுடன் அச்சையும் சக்கரத்தையும் கழற்றி, சிமென்ட் கட்டைகளின்மேல் நிறுத்தி, சுற்றிலும் தகடு அடித்து, குழாயும் மின்கம்பியும் இணைத்துவிட்டால், அதைப் பெயர்க்க ஆயிரக்கணக்கான டாலர் வேண்டும். பழைய வீடாயின் பெயர்க்கும்போதே உடையக்கூடும். 1976இல் நடுவண் அரசின் கட்டுமானத் தரவிதிகள் நடைமுறைக்கு வருமுன் செய்யப்பட்ட வீடுகளை வேறு குடியிருப்புகள் பெரும்பாலும் ஏற்பதில்லை. 1992இல் யீ எதிர் எஸ்கொண்டிடோ நகரம் என்ற வழக்கில் தீர்ப்பெழுதிய உச்ச நீதிமன்ற நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர், ‘நடமாடும்’ என்ற பெயரே பொருத்தமற்றது, ஒருமுறை நிறுத்தப்பட்டவற்றுள் நூற்றில் ஒன்றுதான் பிறகு நகர்த்தப்படுகிறது என்று குறித்தார்.

ஆயினும் பல மாநிலச் சட்டங்களின் கண்ணுக்கு அது வாகனமாகவே தோன்றிற்று. உரிமைப் பத்திரம் மோட்டார் வாகனத் துறையிலிருந்து வந்தது. கடனும் வீட்டுக்கடனாக அன்றி, கூடுதல் வட்டியுள்ள அசையும்சொத்துக் கடனாகவே பெரும்பாலும் கிடைத்தது. நகராட்சிகளின் நிலப்பயன்பாட்டு விதிகள் இக்குடியிருப்புகளை இருப்புப்பாதை ஓரத்துக்கும் நெடுஞ்சாலை ஓரத்துக்கும் தள்ளின. யாரும் விரும்பாத அந்த ஓரங்களைத் தேடி நகரமே பிறகு வளர்ந்து வந்தது. ஒதுக்கப்பட்ட இடம் விலையேறிய இடமானபோது, விற்கும் உரிமை நிலவுரிமையாளருக்கு இருந்தது. பெயர்த்துச் செல்லும் ‘உரிமை’ குடியிருந்தோருக்கு இருந்தது.

வீடு ஒருவருடையது, அடிமனை மற்றொருவருடையது என்னும் சிக்கல் இந்தியாவுக்குப் புதிதன்று. பிறர் நிலத்தில் வீடு கட்டி, தரைவாடகை செலுத்தி வந்தோரை நிலவுரிமையாளர்கள் வெளியேற்ற முற்பட்டபோது, சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் 1921 இயற்றப்பட்டது. வெளியேற்றினால் கட்டடத்துக்கு இழப்பீடு தரவேண்டும் என்பதோடு அது நிற்கவில்லை; நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு மனையைக் குடியிருப்பவருக்கே விற்குமாறு கோரவும் வழிவகுத்தது. கல்கத்தாவின் ‘டிக்கா’ குடியிருப்புகள் குறித்த 1981ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒருபடி சென்று, நிலத்தையே அரசுடைமையாக்கியது.

அமெரிக்காவில் நாடு தழுவிய அத்தகைய உரிமை இல்லை. அங்குத் தோன்றிய மாற்று, கூட்டுறவு. 1984இல் நியூ ஹாம்ப்ஷயரின் மெரிடித் என்னும் ஊரில், 13 வீடுகளே கொண்ட ஒரு குடியிருப்பினர், சமூகக் கடன் நிதியம் ஒன்றிடம் கடன் பெற்று நிலத்தைத் தாங்களே வாங்கினர். குடியிருப்பை விற்குமுன் குடியிருப்போருக்கு 60 நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும் என்று அம்மாநிலம் பிறகு சட்டம் செய்தது. கோடிக்கணக்கான டாலர் திரட்ட 60 நாள் எம்மட்டு என்ற கேள்வி எழாமல் இல்லை. எனினும் அந்த அவகாசத்தில்தான் அம்மாநிலத்தில் கூட்டுறவுகள் பல உருவாயின.

புவேனா விஸ்ட்டாவில் நிலத்தின் விலை குடியிருந்தோரின் கைக்கு எட்டாதது. 2015இல் நகர மன்றம் மூடுதலுக்கு ஒப்புதல் அளித்தது. குடியிருப்போர் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2017இல் சாண்ட்டா கிளாரா மாவட்ட வீட்டுவசதி ஆணையம் 4 கோடி டாலருக்குச் சற்று மிகுதியாகக் கொடுத்து நிலத்தை வாங்கிற்று. நகராட்சியும் மாவட்ட நிர்வாகமும் தலா 1.45 கோடி டாலர் வழங்கின. வீடுகள் நின்ற இடத்திலேயே நின்றன. அடிமனை இப்போதும் குடியிருப்போருடையதன்று. அதன் உரிமையாளர் ஓர் அரசு அமைப்பு என்பதே வேறுபாடு.