கோணிக் கூடிய தொடையெலும்பு: சுசுருத சங்கிதை காட்டும் இரு நெறிகள்

1. முன்னுரை

மனித உடலின் எலும்புகளுள் நீளத்தாலும் வன்மையாலும் முதன்மை பெறுவது தொடையெலும்பு. அது முறியுமாயின், அதனைச் சூழ்ந்துள்ள பெருந்தசைகள் சுருங்கி, முறிந்த துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறுமாறு இழுக்கின்றன. முறிவு மேற்பகுதியில் நேர்ந்தால் மேல்துண்டு முன்னும் புறமுமாகத் திரும்பும்; கீழ்ப்பகுதியில் நேர்ந்தால் கெண்டைக்கால் தசையின் இழுப்பால் கீழ்த்துண்டு பின்னோக்கிச் சாயும். அவ்வாறு விலகிய நிலையிலும் எலும்பு பெரும்பாலும் கூடிவிடுகிறது. ஆனால் கோணலாகக் கூடுகிறது. கால் குட்டையாகி, நடை நொண்டுகிறது. எனவே, எலும்பு கூடுதல் உடலின் செயல். நேராகக் கூடச் செய்தல் மருத்துவனின் செயல் எனலாம். இவ்வேறுபாட்டைப் பண்டை இந்திய மருத்துவம் எவ்வாறு உணர்ந்திருந்தது என்பதைச் சுசுருத சங்கிதையின் வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. எலும்பு தரும் சான்று

கூடிய தொடையெலும்பே நாகரிகத்தின் முதல் அடையாளம் என்னும் கருத்து, மானிடவியலறிஞர் மார்கரெட் மீடின் கூற்றாகப் பரவலாக வழங்கி வருகிறது. கொல்லிமலையில் பிறந்து, வேலூரில் தொழுநோயாளர்க்கு அறுவை மருத்துவம் புரிந்த பால் பிராண்டு, பிலிப் யான்சியுடன் எழுதி 1980-இல் வெளியிட்ட நூலில், மீடின் சொற்பொழிவொன்றை நினைவுகூர்ந்து இதனைக் குறிப்பிடுகிறார். தொடை முறிந்தவன் பிறர் உதவியின்றி உயிர் பிழைத்தல் இயலாது என்பது இக்கருத்தின் அடிப்படை.

ஆயின் இது முழுமையாக ஏற்கத்தக்கதன்று. காட்டில் வாழ்ந்த கிப்பன் குரங்குகளின் எலும்புக்கூடுகளை ஆராய்ந்த அடால்ஃப் ஷுல்ட்ஸ், முறிந்து தாமே கூடிய எலும்புகள் அவற்றுள் பலவற்றில் இருத்தலைக் கண்டார். அவற்றிற்கு மருத்துவம் செய்தார் எவருமிலர். ஆகவே எலும்பு கூடியிருத்தல் மட்டும் பராமரிப்புக்குச் சான்றாகாது. தொடையெலும்பு நீளம் குன்றாமல் நேராகக் கூடியிருப்பின், அதுவே கைதேர்ந்த மருத்துவத்திற்கு வலிய சான்றாகும். எனினும் கோணிக் கூடிய எலும்பு மருத்துவமின்மையை மெய்ப்பிக்கும் என்று கொள்வதும் பிழை. முயன்றும் தோற்ற மருத்துவத்தை எலும்பு காட்டுவதில்லை. அதனை நூல்களே காட்டவல்லன.

3. சுசுருதர் கூறும் முறைகள்

சுசுருத சங்கிதையின் நிதானத்தானம் 15-ஆம் இயலும், சிகிச்சைத்தானம் 3-ஆம் இயலும் எலும்பு முறிவு பற்றியன. மூட்டு விலகல் 6 வகை, முறிவு 12 வகை என நூல் பகுக்கிறது. முறிவின் பெயர்கள் கண்டறிந்தவற்றின் வடிவத்தால் அமைந்தவை: நடுவே முண்டாகப் புடைத்தது 'கர்க்கடகம்' (நண்டு); குதிரைச் செவிபோல் நிமிர்ந்து நிற்பது 'அசுவகர்ணம்'; முறியாது வளைந்தது 'வக்கிரம்'.

மருத்துவ வினைகள் நான்கு: இழுத்தல், அழுத்துதல், பொருத்துதல், கட்டுதல். அத்தி, அரசு, ஆல், மருது முதலியவற்றின் பட்டைகளும் மூங்கிலும் கட்டுப்பத்தைகளாகப் பயன்பட்டன. குளிர்ந்த பருவத்தில் 7 நாளுக்கு ஒருமுறையும், இடைப்பட்ட பருவத்தில் 5 நாளுக்கு ஒருமுறையும், வெப்பப் பருவத்தில் 3 நாளுக்கு ஒருமுறையும் கட்டு மாற்றப்படும். தளர்ந்த கட்டினால் எலும்பு நிலைபெறாது. இறுகிய கட்டினால் வீக்கமும் வலியும் சீழும் தோன்றும். ஆதலின் நடுத்தரக் கட்டே நன்றென்கிறது நூல்.

தொடைக்குக் கட்டு மட்டும் போதாது என்பதையும் நூல் அறிந்திருந்தது. தொடையும் கணைக்காலும் முறிந்தோர்க்குக் 'கபாடசயனம்' எனும் பலகைப் படுக்கை விதிக்கப்பட்டுள்ளது. கால் அசையாதிருக்க இருபுறமும் இவ்விரண்டும், உள்ளங்காலில் ஒன்றுமாக 5 முளைகள் அடிக்கப்படும். எலும்பு உறுதிபெற இளமையில் ஒரு மாதமும், நடுவயதில் அதன் இருமடங்கும், முதுமையில் மும்மடங்கும் ஆகும் என்று கால அளவும் கூறப்பட்டுள்ளது.

4. இரு நெறிகள்

இத்துணை முறைகள் இருந்தும் எலும்பு கோணக்கூடும் என்பதை நூல் மறைக்கவில்லை. நன்கு பொருத்திய எலும்பும், தவறாக வைத்தல், தவறாகக் கட்டுதல், அதிர்ச்சி ஆகிய மூன்று காரணங்களால் கெடக்கூடும் என்று நிதானத்தானம் கூறி, அத்தகையதைக் கைவிடுக என்கிறது. முதலிரண்டும் மருத்துவனின் பிழைகள் என்பது கருதத்தக்கது. சிகிச்சைத்தானமோ, எலும்புத் தண்டு மேடுபள்ளமாகக் கோணிக் கூடியிருப்பின் அதனை மீண்டும் முறித்து, சமப்படுத்தி, புதிய முறிவுக்குரிய மருத்துவத்தைத் தொடங்குக என்கிறது.

இவை முரண்போலத் தோன்றினும், முன்னது எலும்புக்கேடு அனைத்திற்கும் உரிய பொதுக்கணிப்பு. பின்னது தண்டெலும்பிற்கு மட்டும் உரிய சிறப்புவிதி எனக் கொள்ளலாம். மயக்க மருந்து இல்லாக் காலத்தில், கூடிய எலும்பை முறித்து, நோயாளியை மீண்டும் திங்கட்கணக்கில் பலகையில் கிடத்துதல் எளிய செயலன்று. உயிர் பிழைத்தல் போதும் என்று எண்ணியோர் இவ்விதியை வகுத்திரார். நேரிய நடையையே மருத்துவத்தின் பயனாகக் கருதியோர் வகுத்தது இது.

கிரேக்கத்தில் இப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் எலும்புமுறிவு நூலும் தொடை குறுகுதலைப் பெருந்தீங்காகக் கருதுகிறது. ஒரு தொடை குறுகுவதினும் இரண்டும் முறிந்து சமமாதல் மேல் என்னுமளவுக்கு அந்நூல் செல்கிறது.

5. பிற்கால வளர்ச்சி

கூடிய எலும்பை மீண்டும் திருத்தும் நெறி, மயக்க மருந்தும் 1867-இல் லிஸ்டர் வெளியிட்ட கிருமிநீக்க முறையும் வந்த பின்னரே அச்சமின்றிக் கையாளத்தக்கதாயிற்று. கிளாஸ்கோவின் வில்லியம் மக்கீவன் கோணிய கால் எலும்புகளை வெட்டி நிமிர்த்தும் முறை பற்றி 1880-இல் நூல் வெளியிட்டார். 1895-இல் ராண்ட்ஜன் கண்ட ஊடுகதிர், தசைக்குள் மறைந்த கோணலை உயிருள்ள உடலிலேயே காட்டியது. முதல் உலகப்போரில் தாமசின் இழுவைச்சட்டம் தொடை முறிந்த வீரர் பலரைக் காத்தது. 1939-இல் ஜெர்மனியின் குண்ட்ஷர் எலும்பின் மச்சைக்குழியுள் உலோகக்கோல் செலுத்தினார். அதன்பின் தசையின் இழுப்பை வெளியிலிருந்து கட்டுவதற்கு மாறாக, எலும்பின் உள்ளிருந்தே தடுத்தல் இயன்றது.

6. முடிவுரை

மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் மரபு இந்நாட்டில் இன்றும் அறுபடவில்லை. ஆந்திரத்தின் புத்தூர் இதற்குப் பெயர்பெற்றது. எனினும் தக்க மருத்துவத்தை உரிய காலத்தில் எய்த இயலாதோரிடம் கோணிக் கூடிய தொடை இன்றும் காணப்படுகிறது. அந்நிலையை விதியென விடாது, திருத்தத்தக்க குறையெனக் கண்டமையே சுசுருத சங்கிதையின் சிறப்பு. மருத்துவன் தன் பிழையையும் நோய்க்காரணங்களுள் ஒன்றாக எழுதிவைத்த நேர்மை, அச்சிறப்பினும் குறைந்ததன்று.